கடலட்டைக்கும் சொடுக்கு இறாலுக்கும் எந்த மணல்?

வீட்டுக் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியில் கடலட்டையையும், கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சொடுக்கு இறாலையும் வளர்க்க, திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளிக் கரை மணலைக் கழுவிப் போடலாமா, கடையில் விற்கும் முருகைக்கல் நொறுக்கை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம்.

திருகோணமலையிலிருந்து வடக்கே போகப்போக, புல்மோட்டை வரைக்கும், கரை மணலில் இல்மனைட் போன்ற கறுப்புக் கனிமங்கள் கலந்திருக்கின்றன. ஒரு பிடி மணலைக் காயவைத்து, வலுவான காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே நகர்த்திப் பாருங்கள். நான் பார்த்தபோது தாளின் அடியில் கறுப்புத் துகள்கள் மயிர்போல் சிலிர்த்து நின்றன. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அவை சிக்கினால் தொட்டி முழுக்கக் கீறல்தான். நொறுக்கின் முனைகளோ கூர்மையானவை. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் உணவைச் செரித்துக் கழிக்கும் கடலட்டைக்கு அது கொஞ்சமும் ஆகாது.

அரகனைட் மணல் (கல்சியம் காபனேற்றுக் கனிமத்தாலான மணல்) வாங்குங்கள். பெரும்பகுதி 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த உருண்டை மணியாக இருக்கட்டும். இறாலுக்காக ஒரு மூலையில் மட்டும் சிப்பி ஓடுகளும் சிறுகற்களும் கலந்துவிடுங்கள். வெறும் நுண்மணலில் அதன் சுரங்கம் சரிந்துகொண்டே இருக்கும். ஆழம் 8 முதல் 10 சென்ரிமீற்றர் போதும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மாற்றிச் செய்துவிடாதீர்கள்: பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, அதன் பிறகே மணலைக் கொட்டுங்கள். மணலின்மேல் வைத்த பாறையின் அடியை இறால் ஓரிரவில் தோண்டிவிடும். பாறை சரிந்தால் நசுங்குவதும் அதுதான்.

கடலட்டையை இப்போதே விடாதீர்கள். புது மணலில் அதற்குத் தின்ன எதுவும் இருக்காது, சில மாதங்கள் பொறுங்கள்.