தாமதம் யார் கணக்கில்? ஐஸ்லாந்து கார்ப் பயணக் கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் இரண்டு நண்பர்களும் காரில் ஐஸ்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கோபன்ஹேகனில் இருந்து ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்துக்குப் போன விமானம், தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. சாப்பாட்டுக் கூப்பன் மட்டும் கொடுத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார் வாடகைக் கவுன்ட்டர் பூட்டியிருந்தது. மறுநாள்தான் கார் கிடைத்தது. பிறகு புயலால் வீக் ஊருக்குக் கிழக்கே சாலையை மூடிவிட்டார்கள். ஹோஃப்ன் ஊரில் பணம் கட்டிய அறை வீணானது, வீக்கிலேயே வேறு அறை எடுத்தோம். கடைசி நாளும் தாமதமாகி, காரை நான்கு மணி நேரம் கழித்து ஒப்படைத்தோம். அதற்கு ஒரு முழு நாள் வாடகை போட்டுவிட்டார்கள். இதில் எதையெல்லாம் திரும்பக் கேட்கலாம்?

பதில்: நான்கு இழப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் எல்லோரும் கையை விரித்துவிடுவார்கள். விமானம், கார், அறை எல்லாம் நீங்கள் தனித்தனியாக வாங்கியவை. விமானம் தாமதமானதற்குக் கார்க் கம்பெனி பொறுப்பில்லை, சாலையை மூடியதற்கு ஹோட்டல் பொறுப்பில்லை. எந்த நேரம் யாரால் போனது என்று பிரித்து, அவரவரிடம் அவரவர் பங்கை மட்டும் கேளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு வர வேண்டிய பெரிய தொகை விமானத்தில்தான் இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று உங்கள் கடிதத்தில் இருந்து தெரிகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ஒன்றியத்து விமான நிலையத்தில் இருந்து கிளம்பும் எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்தும். ஐஸ்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்றாலும் அங்கும் இதே விதிதான். போய்ச் சேர 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, அதற்குக் காரணம் நிறுவனத்தின் பொறுப்பில் வருவது என்றால் இழப்பீடு உண்டு. 1,500 கிலோமீட்டர் வரை ஆளுக்கு 250 யூரோ. அதைத் தாண்டிய உங்களுடையதைப் போன்ற பயணத்துக்கு 400 யூரோ. கோபன்ஹேகனில் இருந்து கெஃப்லாவிக் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஆக, நான்கு பேருக்கு 1,600 யூரோ. டிக்கெட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது.

'தொழில்நுட்பக் கோளாறு' என்றதும் பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். அது விமான நிறுவனம் தப்பிக்கும் காரணம் இல்லை. விமானத்தை இயக்கும்போது வழக்கமாக வரும் கோளாறை அசாதாரணச் சூழ்நிலை என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2008இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்றவை காரணமாக இருந்தால்தான் அந்த 400 யூரோ கிடைக்காது. அப்போதும்கூட உணவும், இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் கொடுத்தே ஆக வேண்டும். 2010இல் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடிக் கிடந்தபோதும் அந்தக் கடமை இருந்தது என்று 2013இல் அதே நீதிமன்றம் சொன்னது.

உங்கள் சாப்பாட்டுக் கூப்பன் அந்தக் கடமையில் சேர்ந்தது. அதை வாங்கிக்கொண்டதால் இழப்பீட்டு உரிமை போகாது. இழப்பீட்டுக்குப் பதிலாகப் பயணக் கூப்பன் தருகிறோம் என்று இப்போது சொன்னால் மறுத்துவிடுங்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய பணமாகத்தான் தர வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பம் இருக்கும். விமான எண், தேதி, பதிவு எண், நான்கு பேரின் பெயர் போதும். பங்கு எடுத்துக்கொண்டு கேட்டுத் தரும் இடைத்தரகர்கள் உங்களுக்குத் தேவையில்லை. நிறுவனம் மறுத்தாலோ பதிலே போடாவிட்டாலோ, விமானம் புறப்பட்டது டென்மார்க் என்பதால் அங்குள்ள போக்குவரத்து அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம். (3 மணி நேரத்தை ஒட்டித் தாமதமானவர்களுக்கு ஒரு தகவல்: சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, கதவு திறந்த நேரம். 2014 தீர்ப்பு அது.)

சரி, கார். பதிவு செய்யும்போது விமான எண்ணைக் கொடுத்திருந்தீர்களா? கொடுத்திருந்தால் பல கம்பெனிகள் விமானம் தாமதமானாலும் காரை வைத்திருப்பார்கள். கொடுக்காவிட்டால், குறித்த நேரத்துக்கு ஆள் வரவில்லை என்று பதிவையே ரத்து செய்ய ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். உங்களுக்குக் கார் கிடைத்துவிட்டது, அந்த வகையில் நல்லது. ஓட்டாமல் போன முதல் நாள் வாடகையைக் கார்க் கம்பெனியிடம் கேட்பதில் பலன் இல்லை. சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, தாமதத்தால் வந்த நேரடி இழப்பை ரசீதுடன் விமான நிறுவனத்திடம் கேட்கலாம், அதற்கு 2 ஆண்டுக் கெடு உண்டு. ஆனால் ஏற்கெனவே வாங்கிய இழப்பீட்டை அதில் கழித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அதனால் முதலில் அந்த 400 யூரோவைப் பிடியுங்கள்.

ஹோஃப்ன் அறை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் பெரிதாக இல்லை. அவர்கள் அறையைத் தயாராக வைத்திருந்தார்கள், உங்களால் வர முடியவில்லை. ஆனாலும் கேளுங்கள். வீக்கை விட்டு வெளியே வந்ததும் வருவது மிர்தால்சாந்துர் என்ற கறுப்பு மணல்வெளி. காற்று வேகமெடுத்தால் அங்கே ஓட்டவே முடியாது என்பது அந்தப் பக்கத்து ஹோட்டல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பணமாகக் கேட்பதைவிட வேறொரு தேதிக்கு மாற்றித் தரச் சொன்னால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் வீணான அறை, வீக்கில் எடுத்த அறை இரண்டையும் அதில் கேட்டுப் பாருங்கள். அங்கே எல்லாமே ஒரு சான்றில்தான் நிற்கும்: சாலையை அரசு மூடியதா, நீங்களே பயந்து நின்றீர்களா? ஐஸ்லாந்துச் சாலைத் துறையின் வரைபடத்தில் அந்தப் பகுதி மூடியதாகக் காட்டிய ஸ்கிரீன்ஷாட், தேதி நேரத்தோடு, உங்கள் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தாமதமாக ஒப்படைத்ததற்கு முழு நாள் வாடகை போடுவது பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருப்பதுதான். கொஞ்ச நேரம் சலுகை இருக்கும், நான்கு மணி நேரம் அதற்குள் அடங்காது. அது போனது போனதுதான். அந்த நான்கு மணி நேரத்தில் எங்காவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்த நேரம் தாண்டினால் காரின் காப்பீடும் அதோடு முடிந்துவிடும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. தாமதமாகும் என்று தெரிந்த உடனே போன் செய்து நீட்டிப்பு வாங்கி, அதை எழுத்தில் அனுப்பச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஐஸ்லாந்தில் இருந்து திரும்பி மூன்று வாரம் கழித்து, மணல் உரசி பெயின்ட் போயிருக்கிறது என்று என் கிரெடிட் கார்டில் பெரிய தொகை எடுத்திருக்கிறார்கள். முழுக் காப்பீடு எடுத்திருந்தேனே?

பதில்: 'முழு' என்ற பெயரை நம்ப வேண்டாம், ஒப்பந்தத்தில் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். மணல், சாம்பல் சேதம் அங்கே பெரும்பாலும் தனிக் காப்பீடு. காற்று பிடுங்கி மடக்கிய கதவுக்கு அந்தத் தனிக் காப்பீட்டிலும் பல இடங்களில் பாதுகாப்பு கிடையாது. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தாலும் அப்படித்தான்.

ஆனாலும் எடுத்த தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கார் எடுக்கும்போது போட்ட சேதக் குறிப்பு, ஒப்படைத்தபோது எடுத்த படங்கள், பழுது பார்த்த பில் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். ஒப்படைக்கும்போது ஆள் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். சரியான பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் ஆட்சேபம் பதியுங்கள், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: டிசம்பரில் போகிறோம். தாமதம் வரும் என்று தெரிகிறது. எப்படி வாங்கினால் குறைவாக இழப்போம்?

பதில்: விமானம், கார், அறை எல்லாவற்றையும் ஐரோப்பிய விற்பனையாளர் ஒருவரிடம் ஒரே பதிவில் வாங்கினால் அது 'பேக்கேஜ்' ஆகிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் திரும்ப முடியாமல் போனால், பொதுவாக ஆளுக்கு 3 இரவு வரை தங்கும் செலவு விற்றவருடையது என்று 2015 ஐரோப்பிய விதி சொல்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் குளிர்காலத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால், வீக்குக்குக் கிழக்கே எடுக்கும் அறைகளையாவது ரத்து செய்யக்கூடிய விலையில் வாங்குங்கள். தலைநகர் ரேக்யவிக் பக்கத்து அறைகளில் மலிவு விலையைப் பார்த்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசியில் ரேக்யவிக்கில் பகல் சுமார் 4 மணி நேரம்தான். ஒரு நாளைக்கு நீண்ட தூரம் வைத்து அட்டவணை போட்டால் இருட்டிலும் பனியிலும் ஓட்ட வேண்டி வரும். கடைசி இரவை கெஃப்லாவிக் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். சாலை மூடியதால் நீங்கள் விமானத்தைத் தவறவிட்டால் விமான நிறுவனம் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

கேள்வி: இணையத்தில் பதிவு செய்த வாடகைக் காரை 14 நாளுக்குள் ரத்து செய்தால் ஐரோப்பாவில் பணம் திரும்ப வரும் என்கிறார்களே?

பதில்: வராது. அந்த 14 நாள் உரிமை இணையத்தில் வாங்கும் பொருட்களைப் போன்றவற்றுக்கு. குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் வாடகைக் கார், ஹோட்டல் அறை இரண்டையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பதிவில் ரத்து விதி என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.