பாதியைத் தாண்டியதும் கசக்கும் சுருட்டு

வணக்கம். ஹவானாவிலிருந்து வந்த ரொபுஸ்டோ என்னும் குட்டையான, தடித்த வகைச் சுருட்டு பாதிக்குமேல் கசந்து நாக்கை எரிக்கிறது என்றும், இருபது நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். குறை புகையிலையில் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள அந்தச் சுருட்டு முக்கால் மணி நேரமாவது நின்று எரிய வேண்டியது. சிகரெட்டைப் போல் அடுத்தடுத்து இழுக்கும்போது கங்கு அளவுக்கு மீறிச் சூடேறி இலையைக் கருக்கிவிடுவதால், மரவாசனையும் கொக்கோவின் சாயலும் மறைந்து, காரமும் கசப்புமே வாயில் தங்குகின்றன. நிமிடத்திற்கு ஓர் இழுப்பு போதும். புகையை நெஞ்சுக்குள் இறக்காமல் வாயிலேயே சற்று நிறுத்தி வெளிவிடுங்கள். சுருட்டின் நடுப்பகுதி விரல்களுக்குச் சூடாகத் தெரிந்தால், சாம்பலைத் தட்டாமல் இரண்டு நிமிடம் கீழே வைத்துவிடுங்கள்.

சென்னையில் மேசை இழுப்பறையில் வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். சுருட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு. ஒரு மழைக்காலத்தில் என்னுடையவை, விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் அளவுக்கு ஈரம் குடித்து, மூச்சுப் பிடித்து இழுத்தாலும் புகை வராமல் திரும்பத் திரும்ப அணைந்தன. அப்படி வலிந்து இழுப்பதும் கசப்பைக் கூட்டும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதத்தைச் சீராக்கும் பொட்டலத்துடன் சில வாரங்கள் வைத்த பிறகே அவை சரியாயின.