ஃப்ரெட்டைப் பிடுங்கலாமா? கிட்டார் கேள்விகளுக்குப் பதில்

பழைய ஸ்டீல் கம்பி கிட்டாரை ஃப்ரெட்லெஸ் ஆக்கலாமா? (மார்த்தாண்டம்)

ஆக்கலாம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் மெல்லிய உலோகப் பட்டைதான் ஃப்ரெட். அவற்றை எடுத்துவிட்டால் ஃப்ரெட்லெஸ். ஆனால் ஃப்ரெட் இல்லாத மரத்தில் ஸ்டீல் கம்பி நேரடியாக உரசி, நாளடைவில் பள்ளம் விழும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் கிடைத்தால் அதையே எடுங்கள். விரல் அழுத்தும் பலகையான அதன் ஃபிங்கர்போர்டும் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் தேய்ப்பது எளிது. நல்ல கிட்டாரில் கைவைக்க வேண்டாம்.

குறடு வைத்து இழுத்தேன், மரம் சிலும்பிவிட்டது. (கருங்கல்)

சூடு காட்டாமல் இழுத்திருப்பீர்கள். ஃப்ரெட்டின் அடிக்கால் மரத்தைக் கவ்விப் பிடிக்க, அதில் சிறுசிறு முட்கள் இருக்கும். சால்டரிங் அயர்னை ஃப்ரெட் மேல் நீளவாக்கில் மெல்ல நகர்த்துங்கள். பசை இளகும், மரமும் கொஞ்சம் இணங்கும். அப்புறம் முனை தட்டையாகத் தேய்த்த குறடால் ஓர் ஓரத்திலிருந்து சிறுகச் சிறுக நெம்ப வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பெயர்ந்த சில்லுகளை எறிந்துவிடாதீர்கள். ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து அதே இடத்தில் ஒட்டிவிடலாம்.

ஃப்ரெட் இருந்த பள்ளத்தை எதனால் அடைப்பது? எங்கள் பக்கம் ஃபைபர் படகுக்கு அடிக்கும் ரெசின் தாராளமாகக் கிடைக்கிறது. (குளச்சல்)

நல்ல கேள்வி. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் பேஸ் கிட்டாரின் ஃப்ரெட்டை எடுத்துவிட்டுப் பூசியது படகுக்கான எபாக்ஸி ரெசின்தான். ஆனால் ஃபைபர் படகில் பெரும்பாலும் அடிப்பது பாலியெஸ்டர் ரெசின். இறுகும்போது அது எபாக்ஸியைவிட அதிகம் சுருங்கும், நாற்றமும் தாங்காது. எபாக்ஸி என்று கேட்டு வாங்குங்கள்.

எபாக்ஸி மட்டும் ஊற்றுவதைவிட வெனீர் என்னும் மெல்லிய மரப் பட்டையை நறுக்கிப் பள்ளத்தில் செருகி ஒட்டுவதே என் சிபாரிசு. பள்ளத்தின் அகலம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பட்டை இறுக்கமாக உட்கார வேண்டும். ஏனென்றால் ஃப்ரெட்டுகள் ஆப்பு மாதிரி உள்ளே நின்று கழுத்தைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன. அவை போனதும் கம்பியின் இழுப்புக்குக் கழுத்து முன்னே வளையப் பார்க்கும். கரிய மரத்தில் வெளிர் நிற வெனீர் வைத்தால் கோடு தெரியும், சுருதி பிடிக்கக் கை தடுமாறாது. காய்ந்தபின் நேரான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி நீளவாக்கில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வெறும் விரலால் தேய்த்தால் மேடுபள்ளம் வரும்.

எல்லாம் முடித்தேன். கம்பி உயரத்தில் நிற்கிறது, அழுத்த முடியவில்லை. (நாகர்கோவில்)

ஃப்ரெட்டின் உயரம் சுமார் ஒரு மில்லிமீட்டர். அது போனதால் அந்த அளவுக்கு இடைவெளி கூடிவிட்டது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தை மெல்லிய அரத்தால் ஆழப்படுத்துங்கள். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். உடல்பக்கம் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் சேடிலை உருவி அடிப்பக்கம் தேய்க்கலாம். நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரத்தில் மரம் உப்பும். அதனால் கடைசி அளவை மழைக்காலத்தில் வைக்காமல் மாசி பங்குனியில் வைப்பது நல்லது.

சர்ச் பாடகர் குழுவில் இதை வாசிக்கலாமா? (தக்கலை)

கார்டுக்கு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுக்கு, சரிப்படாது. விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைத்த பழக்கம் இங்கே உதவாது. சரியாகக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். ஒரு விரல் நகர்ந்தாலும் கார்டு முழுக்க அபசுரம்தான். நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். பாட்டுக்கு நடுவே ஒற்றைக் கம்பியில் இழைத்து வாசிக்கவோ, கமகம் பழகவோ என்றால் அருமை. சித்திரவீணையில் கேட்கும் அந்த வழுக்கல் இதிலும் ஓரளவு வரும். கார்டுக்கு ஃப்ரெட் உள்ள இன்னொரு கிட்டார் கையில் இருக்கட்டும்.