ஓப்பன் பேக்கா, க்ளோஸ்டு பேக்கா? ஹெட்போன் வாங்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதி "ரெண்டுல எது நல்லது" என்றுதான் இருந்தன. எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. அந்த விவரத்தோடு கேட்டவர்களுக்கு இங்கே சொல்கிறேன். காதை மூடும் கப்பின் வெளிப்பக்கம் வலையாகத் திறந்திருந்தால் ஓப்பன் பேக், அடைத்திருந்தால் க்ளோஸ்டு பேக்.

அண்ணா, ஒலி காதுப் பக்கம்தானே வருகிறது? பின்பக்கம் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

இரண்டு பக்கமும் வருகிறது. டிரைவருக்குள், அதாவது ஒலி எழுப்பும் பாகத்துக்குள், இருக்கும் சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது காதுப் பக்கம் எவ்வளவு ஒலி கிளம்புகிறதோ, முதுகுப் பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவு கிளம்பும். அந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதுதான் விஷயமே. ஓப்பன் பேக்கில் அது வலை வழியாக வெளியே போய்விடும், தொல்லை விட்டது. க்ளோஸ்டு பேக்கில் கப்புக்குள் மோதித் திரும்பி, மெல்லிய சவ்வைத் தாண்டி ஒரு பங்கு காதுக்கே வந்து சேரும். அதனால் சில இடங்கள் தூக்கலாகவும் சில இடங்கள் அமுங்கியும் கேட்கும். கப்புக்குள் பஞ்சு வைப்பது, வடிவத்தை மாற்றுவது என்று இதை அடக்க நிறைய வேலை செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள், ஆனால் அதற்குச் செலவு ஆகும். ஒரே விலையில் இரண்டு வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஓப்பன் பேக் இயல்பாகப் படுவதற்கு இதுதான் காரணம். 1968ல் சென்ஹைசர் ஹெச்டி 414 என்ற ஓப்பன் பேக் வந்ததிலிருந்து இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவில் பக்கத்தில் ஒருவர் தூங்குவார். ஓப்பன் பேக் சத்தம் அவ்வளவு வெளியே கேட்குமா?

கேட்கும். என்ன பாட்டு ஓடுகிறது என்று அவர் சொல்லிவிடுவார். க்ளோஸ்டு வாங்குங்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும்தான் அதிகம் பாட்டு கேட்கிறேன். ஓப்பன் பேக் ஒலி பிடித்திருக்கிறது, சமாளிக்க முடியாதா?

சமாளிப்பீர்கள், எப்படி என்றால் வால்யூமை ஏற்றி. எனக்கு அதுதான் கவலை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 90க்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வண்டி இரைச்சலை அமுக்கப் பாட்டை ஏற்றுகிறவர் இதை ரெண்டே நாளில் தாண்டிவிடுவார். இன்னொன்று, சாதாரண க்ளோஸ்டு பேக் பேச்சுச் சத்தத்தையும் கிரீச் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் உள்ளே வந்துவிடும். அதற்குத்தான் நாய்ஸ் கேன்சலிங், வெளிச் சத்தத்துக்கு எதிர் ஒலி எழுப்பி அதை அமுக்கும் வசதி. அது ஒழுங்காக வேலை செய்வதே அந்தத் தாழ்ந்த சத்தங்களில்தான். ஆக உங்களுக்கு க்ளோஸ்டு, முடிந்தால் நாய்ஸ் கேன்சலிங்கோடு.

கண்ணாடி போடுகிறேன். எல்லோரும் பேஸ் (தாழ்ந்த ஒலி) அள்ளும் என்ற க்ளோஸ்டு பேக் எனக்குச் சப்பென்று இருக்கிறது.

ஹெட்போனைக் குறை சொல்லும் முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். பேஸ் திரும்பி வந்தால், ஃபிரேமின் காதுக் கம்பி கப்பின் மெத்தையான பேடைத் தூக்கி இடைவெளி விடுகிறது என்று அர்த்தம். பேட் தோலோடு ஒட்டி அடைத்தால்தான் க்ளோஸ்டு பேக்கில் பேஸ் நிற்கும். மெல்லிய ஃபிரேமோ தடிமனான மென்மையான பேடோ உதவும். ஓப்பன் பேக்கிலும் இந்தக் கசிவு உண்டு, ஆனால் பல மாடல்களில் அந்த அளவுக்கு உறைக்காது.

ப்ரோ, கேம்ல காலடிச் சத்தம் எந்தப் பக்கம்னு தெரிய ஓப்பன் தான் வேணும்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. இடமா வலமா, முன்னாலா பின்னாலா என்ற தகவலைக் கேம்தான் கணக்குப் போட்டு ஒலிக்குள் வைக்கிறது, கப்பில் இருக்கும் ஓட்டை இல்லை. ஓப்பன் பேக்கில் சத்தம் தலைக்குள் அடைபட்டது போல் இல்லாமல் கொஞ்சம் விலகிக் கேட்கும், மணிக்கணக்கில் விளையாட அது சுகம். அதைத்தான் சவுண்ட்ஸ்டேஜ் என்று ஊதிப் பெருக்கி விற்கிறார்கள்; ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். மைக்கில் பேசிக்கொண்டே விளையாடுகிறவருக்கு ஓப்பனில் வேறொரு லாபம் உண்டு: தன் குரல் காதுக்குள் அடைத்துக்கொண்டு ஒலிக்காது, அதனால் கத்த மாட்டார். ஆன்லைன் மீட்டிங்கிலேயே நாள் ஓடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், தனி அறை இருந்தால்.

வீட்டில் பாடிப் பதிவு செய்து நானே மிக்ஸ் செய்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும்.

க்ளோஸ்டு, யோசிக்கவே வேண்டாம். பாடும்போது காதில் ஓடும் மெட்ரோனோம் (தாளம் காட்டும் டிக் டிக்) சத்தம் ஓப்பனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்தால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஸ்டுடியோக்களில் பாடகர் தலையில் சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 மாதிரியான க்ளோஸ்டு மாடல்கள் இருப்பது அதனால்தான். மிக்ஸிங்குக்கு சென்ஹைசர் ஹெச்டி 600 மாதிரி ஓப்பன் சுலபம் என்பது சரி, ஆனால் க்ளோஸ்டிலும் மிக்ஸ் செய்யலாம். உங்களுக்கு நன்றாகப் பழகிய பாடல்களை அதிலேயே கேட்டு, அது எங்கே கூட்டிக் காட்டுகிறது, எங்கே குறைக்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள். கசிந்த மெட்ரோனோமுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஓப்பனில் பேஸ் வராது என்கிறார்களே?

காந்தமும் கம்பிச் சுருளும் சவ்வை அசைக்கும் வழக்கமான டைனமிக் டிரைவர் உள்ள ஓப்பன்களில் அடி பேஸ் போகப் போகச் சரியும், ஹெச்டி 600லேயே அப்படித்தான். வயலின், வீணை, குரல் என்று கேட்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. அடி பேஸ் வேண்டும், ஓப்பனும் வேண்டும் என்றால் பிளேனார் மேக்னெடிக் (தட்டைச் சவ்வு முழுவதையும் காந்தங்கள் அசைக்கும் டிரைவர் வகை) பக்கம் பாருங்கள். பெரும்பாலும் கனமாக இருக்கும், கழுத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓப்பன் வாங்கினால் ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப்பும் வாங்க வேண்டுமாம்.

அது வேறு கணக்கு. ஹெச்டி 600க்கு 300 ஓம் இருப்பதால் வந்த பேச்சு. க்ளோஸ்டான டிடி 770லும் 250 ஓம் வகை இருக்கிறது, 32 ஓமும் இருக்கிறது. ஓம் (மின்தடை), சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், கப்பைப் பார்க்காதீர்கள்.

பாதி மட்டும் திறந்த செமி ஓப்பன்?

வெளிச்சத்தம் விஷயத்தில் அதையும் ஓப்பன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஓப்பன் இருக்கிறது. வலை மேல் டேப் ஒட்டி மூடினால் க்ளோஸ்டு ஆகிவிடாதா?

பாட்டு ஓடும்போது உள்ளங்கையால் இரண்டு கப்பையும் மூடிப் பாருங்கள், ஒலி கெடுவது தெரியும், டேப் வாங்கத் தோன்றாது.