லாங்போமேன் ஏன் ஹஸ்கார்லிடம் தோற்கிறது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டில் பிரிட்டன்ஸ் இனத்தை எடுத்து, அதன் வில்லாளியான லாங்போமேனாகவே குவித்தும் கோத்ஸ் இனத்திடம் தோற்றுக்கொண்டே இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது. கோத்ஸின் காலாள் வீரனான ஹஸ்கார்லுக்கு அம்பைத் தாங்கும் கவசம் மிக அதிகம். நாற்பது பேர் சேர்ந்து எய்தாலும் அது பாட்டுக்கு ஓடி வந்து வெட்டும்.

பிரிட்டன்ஸின் உயிரே வில்லாளிகளின் அம்பு எட்டும் தூரம்தான்: மூன்றாம் கட்டமான காசில் ஏஜில் 1, கடைசிக் கட்டமான இம்பீரியலில் இன்னொரு 1 கூடும். ஆனால் குதிரைவீரர்களின் உயிர்ப்புள்ளியைக் கூட்டும் பிளட்லைன்ஸ் கிடையாது, குதிரைப்படையை நம்பாதீர்கள். ஹஸ்கார்ல் கண்ணில் பட்டதும் பாரக்ஸில் (காலாட்படை உருவாகும் கட்டடம்) வாள்வீரனான சாம்பியனுக்கு மாறுங்கள். அவர்கள் முன்னால், வில்லாளிகள் பின்னால்.

அப்புறம், காசில் ஏஜிலிருந்து பிரிட்டன்ஸுக்கு, கிராமவாசிகளை உருவாக்கும் டவுன் சென்டர் கட்ட மரம் பாதிதான், இன்னும் இரண்டு போடுங்கள். பாரக்ஸை வேகமாக்கும் பெர்ஃப்யூஷன் ஆய்வு வந்தால் கோத்ஸ் காலாட்படை ஊற்றாகக் கொட்டும். அதற்குள் அடித்துவிடுங்கள், அவர்களுக்குக் கல் மதிலும் கிடையாது.