அம்மம்மாவின் அறைக்குப் பழைய 14 அங்குல ரியூப் ரீவி போதுமா?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "14 அங்குல ரியூப் ரீவி ஒன்று பத்து வருஷமாக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அதை அம்மம்மாவின் அறையில் வைத்துச் செற்ரொப் பெட்டியைக் கொழுவலாமா, இல்லாவிட்டால் சின்ன எல்ஈடி ஒன்று வாங்குவதா?"

அவசரப்பட்டு வாங்க வேண்டாம் தங்கச்சி, ஆனால் இன்றைக்கே பிளக்கில் போட்டுவிடவும் வேண்டாம். எங்கள் பக்கம் எங்கே இருந்தாலும் கடல் கிட்டத்தான், உப்புக்காற்றும் தூசியும் உள்ளே படிந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். படக்குழாய்க்குப் போகும் மின்னழுத்தமோ 20,000 வோல்ற்றுக்கு மேலே. வெயில் நாளில் காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காயவிட்டு, பிறகு போடுங்கள். டிக் டிக் என்று சத்தமோ, மீன் கருகியது போன்ற மணமோ, பின் துவாரத்துக்குள் ஊதா வெளிச்சமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டுத் திருத்துபவரைக் கூப்பிடுங்கள். பின்மூடியை நீங்கள் கழற்றவே கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் மின்சாரம் தேங்கி நிற்கும். நான் கழற்றிய பெட்டிகளுக்குள் காய்ந்த பல்லி கிடப்பது ஒன்றும் புதினமில்லை.

சரி, படம் வந்துவிட்டது என்று வையுங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்குள் வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தால் குழாய் நல்லது. நிமிஷக்கணக்கில் மங்கலாக நின்று மெல்லத் தெளிந்தால் தேய்ந்துவிட்டது, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக்கோடு மட்டும் நின்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஈயப்பற்று விட்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஐசி (சின்னச் சிப்) போயிருக்கும், திருத்தலாம். மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகத் தெரிந்தால் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரின் காந்தம் திரையில் ஏறியிருக்கும், ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள், அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் பிளக்கிலிருந்தே திரும்பப் போடும்போது வரும் 'டும்' சத்தம்தான் அந்தக் காந்தத்தைக் கலைப்பது.

அம்மம்மாவுக்கு இதில் உண்மையாகவே வசதிகள் உண்டு. கட்டிலில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் நிறம் மாறாது. பல பெட்டிகளில் ஸ்பீக்கர் முன்னுக்குப் பார்த்தபடி இருப்பதால் பேச்சு தெளிவாகக் கேட்கும், மெல்லிய எல்ஈடிகளில் அது பின்னுக்கோ கீழுக்கோ போய்விட்டது. பின் ஸ்ரிக்கரில் 110–240 வோல்ற் என்று இருந்தால் பின்னேரம் கரண்ட் குறையும் வீட்டிலும் படம் சுருங்காது.

பெரிய குறை எழுத்துத்தான். இப்போது வருகிற படம் அகலப்படம், இந்தத் திரையோ 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. சுமார் 20 சென்ரிமீற்றர் உயரத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டியாக 5 போய்விட, 15 சென்ரிமீற்றரில்தான் படம். செய்தியின் அடியில் ஓடும் வரிகளை அம்மம்மா வாசிக்கிறவர் என்றால் எல்ஈடி வாங்குங்கள், நாடகமும் பாட்டும் கோயில் திருவிழாவும்தான் என்றால் இது போதும். செற்ரொப் பெட்டியின் செற்றிங்கில் 4:3 என்றும், நிற முறைக்குப் பால் (PAL) என்றும் தெரிவு செய்யுங்கள். பாலுக்குப் பதில் வேறொன்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. எச்டிஎம்ஐ (HDMI) துவாரம் மட்டும் உள்ள செற்ரொப் பெட்டி என்றால் இடையில் ஒரு கொன்வேர்ட்டர் வேண்டும்.

வைக்கும் இடத்தையும் பாருங்கள், பத்துக் கிலோ அளவில் இருக்கும், பாரமெல்லாம் கண்ணாடிப் பக்கம். ஆட்டம் காணும் ஸ்ரூலில் வைத்தால், ஏறப் பார்க்கிற பேரப்பிள்ளை மேல் முன்னுக்குத்தான் விழும். மேலே பூச்சாடியும் லேஸ் துணியும் வேண்டாம், வெக்கை வெளியேறும் துவாரம் அங்கேதான்.

திருத்த முடியாது என்று ஆகிவிட்டால் வளவுக்குள் போட்டு உடைக்காதீர்கள். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, எங்கள் நிலத்தடியோ சுண்ணாம்புக்கல், மேலே போடுவது மெல்ல மெல்லக் கிணற்றுக்கு இறங்கும். இலத்திரனியல் கழிவை எங்கே எடுக்கிறார்கள் என்று உங்கள் பிரதேச சபையில் கேட்டு, முழுப் பெட்டியாகவே கொண்டுபோய்க் கொடுங்கள்.