கேஷ், காசு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஏழெட்டுப் பொருள் இருப்பதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மிரள்கிறார்கள். இதை எப்படிச் சொல்லித்தரலாம்? சென்ற வாரம் 'கேஷ்' என்பது நம் காசுதான், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனான் என்றேன். வகுப்பே கைதட்டியது. இப்படித் தமிழிலிருந்து போன சொற்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? 'மணி'தான் ஆங்கிலத்தில் 'மனி' ஆயிற்று என்று சக ஆசிரியர் சொல்கிறார்.

ச., அருப்புக்கோட்டை

அன்புள்ள ச.,

சொல்லின் கதையைக் கேட்டு ஒன்பதாம் வகுப்பு கைதட்டுகிறது என்றால் நீங்கள் நல்ல வாத்தியார். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். நீங்கள் சொன்னது பாதிதான் சரி. இந்தக் கேஷ் விவகாரம் வாட்ஸப்பில் வாராவாரம் சுற்றி வருகிறது. வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டதா?

பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் 'கேஷ்' பக்கத்தைத் திறங்கள். தலைச்சொல்லே இரண்டு முறை வரும். ஒவ்வொன்றின் தோளிலும் பொடி எழுத்தில் 1, 2 என்று இருக்கும். தோளில் எண் ஏறினால் அவை தனித்தனிச் சொற்கள், எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்று. சொல்லுக்கு உள்ளே வரிசையாக வரும் 1, 2, 3 வேறு. அவை ஒரே சொல்லின் கிளைப்பொருள்கள். பிள்ளைகள் இரண்டு வகை எண்ணையும் ஒன்றாக்கிக்கொண்டு குழம்புவார்கள். முதலில் தோளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் 'கேஷா, கார்டா' என்கிறார்களே, அது முதல் கேஷ். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சில் 'கெஸ்', இத்தாலியனில் 'காஸ்ஸா', அதற்கும் முன்னால் லத்தீனில் 'காப்ஸா' – எல்லாம் பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. தமிழ் வகுப்பில் இடவாகுபெயர் என்று நடத்துகிறார்களே, அதேதான். மாத்திரைக் கேப்ஸ்யூல், லாரியின் சேஸிஸ், மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ் எல்லாம் காப்ஸாவின் வாரிசுகள். கோர்ட்டு கேஸ் இதில் சேராது. அது லத்தீனில் 'விழுதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

இரண்டாவது கேஷ் நம்முடையது. போர்த்துக்கீசியர் காசை 'காய்ஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே 'காய்ஷா'தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள இதைவிட வசதி வேண்டுமா? அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கி, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செம்புக்காசு வரைக்கும் அந்தப் பெயரை ஒட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். அந்தக் கணக்கு 1818 வரை ஓடியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம்.

1803இல் இங்கிலாந்தில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பிய செம்பு நாணயத்தின் படத்தைத் தேடிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'பிஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்', அதாவது இருபது காசு நான்கு ஃபலூஸ் (ஃபலூஸ் என்பதும் செம்புக்காசுதான்). அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. காசு என்ற சொல் ஒரே நாணயத்தில் இரண்டு எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

'இரண்டும் ஒன்றாகவே இருக்கக் கூடாதா' என்று ஒரு பையன் கேட்பான். கேட்கவும் வேண்டும். இரண்டு கேஷும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டுவதால், ஆங்கிலத்தில் முதலில் வந்த ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது. வந்த வழியைப் பார்க்க வேண்டும். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரை இறங்கியது 1498இல். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை வெனிஸில் அச்சேற்றியது 1494இல். அதிலேயே ரொக்கக் கணக்கின் பெயர் 'காஸ்ஸா'. காமாவின் கப்பல் வருவதற்கு முன்பே வெனிஸ் வியாபாரி அந்தச் சொல்லைப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அடுத்து, முதல் கேஷுக்கு இருந்த பெட்டி என்ற பொருள் காசுக்கு எங்கே இருக்கிறது?

ஒலியும் பொருளும் பொருந்தினால் உறவு என்று முடிவு கட்டுவதுதான் தவறு. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. லத்தீன் 'ஹாபெரே'யும் ஆங்கில 'ஹேவ்'வும் ஒலியிலும் பொருளிலும் அச்சாகப் பொருந்துகின்றன; ஆனாலும் உறவில்லை. லத்தீனில் 'க' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' வர வேண்டும்: கொம்புக்கு கோர்னு – ஹார்ன், நூறுக்கு கெண்டும் – ஹண்ட்ரட், நாய்க்கு கானிஸ் – ஹவுண்ட். அந்தக் கணக்குப்படி ஹேவ்வுக்கு ஜோடி, 'பிடி' என்று பொருள்படும் 'காப்பெரே'. காப்ஸா பிறந்ததும் அந்தக் காப்பெரேயிலிருந்துதான். ஆக கடைக்காரரின் கேஷுக்கு ஆங்கிலத்திலேயே தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு, அது ஹேவ். இதற்கும் உங்கள் வகுப்பு கைதட்டும், சொல்லிப் பாருங்கள்.

காசு, வடமொழிக் 'கர்ஷ'த்திலிருந்து வந்ததா என்று அடுத்த கடிதம் வரும். அந்தச் சண்டைக்கு இப்போது நேரமில்லை. வெண்பாவின் ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்று முடியும் என ஆண்டாண்டாகப் படித்து வருகிறோம். அந்தக் காசுக்கு லண்டனிலிருந்து சான்றிதழ் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

பட்டியல் கேட்டிருந்தீர்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், ரத்தினக்கல் வியாபாரிகளின் குருந்தம் – இந்த நான்கும் ஆங்கிலத்தில் தமிழ் முகத்தோடேயே இருக்கின்றன. ஒரு பாடவேளைக்குப் போதும். உங்கள் சக ஆசிரியரின் 'மணி'யை மட்டும் சேர்க்காதீர்கள். ரோமில் ஜூனோ மொனேட்டா என்ற தேவியின் கோயிலை ஒட்டி நாணயச்சாலை இருந்தது. 'மனி'யும் 'மின்ட்'டும் அந்த மொனேட்டாவின் பெயர்தான். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். எதற்கும் அகராதியைக் கையோடு ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துப் போங்கள்.